உடு, கோள், ஒளியாண்டு: பிழைவிடும் இடங்களும் தெளிவும்



"ஒளியாண்டு என்றால் என்ன?" என்று கேட்டால் எனது வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பாதிப் பேர் எழுதும் விடை "ஒளி ஒரு வருடத்தில் எடுக்கும் காலம்" என்பதாகும். இது பிழை. ஒரு புள்ளி போவதோடு இது நின்றுவிடுவதில்லை. இதைப் பிழையாக விளங்கிக்கொண்டவர் உடுவுக்கும் கோளுக்கும் உள்ள வேறுபாட்டையும் மனனம் செய்துதான் எழுதவேண்டி வரும். சரியாக விளங்கிக்கொண்டவருக்கோ அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி தானாகவே வந்துவிடும். ஆகவே இப்பாடத்தை வழமைபோலப் புதனில் தொடங்கி நெப்டியூனில் முடிக்காமல், தூரத்திலிருந்து தொடங்குவோம்.

நானும் ஒரு கலைப்பட்டதாரிதான். பத்தின் பன்னிரண்டாம் வலுவைக் கண்டால் உங்களுக்கு வரும் தயக்கம் எனக்கும் தெரியும். வகுப்பெடுக்கத் தொடங்கிய முதல் வருடத்தில் நானே பலகையில் "நான்கு ஒளியாண்டுகளுக்கு முன்பு" என்று எழுதிவிட்டேன். பின் வாங்கிலிருந்த ஒரு மாணவன், "சேர், அப்ப அது தூரமா, நேரமா?" என்று கேட்டான். அன்றிலிருந்து இப்பாடத்தை இவ்வாறே கற்பிக்கிறேன்.

ஒளியாண்டு ஒரு தூரம்

ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் செல்லும். ஒரு வருடத்தில் எத்தனை செக்கன்கள்? 60 × 60 × 24 × 365 = 31,536,000. இரண்டையும் பெருக்கினால் 9.46 × 10¹² கிலோமீற்றர் வரும். அதாவது ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் கோடி கிலோமீற்றர். வெற்றிடத்தில் ஒளி ஓராண்டில் செல்லும் இத்தூரமே ஓர் ஒளியாண்டு எனப்படும். "ஆண்டு" என்ற சொல் உள்ளே இருப்பதால் ஏமாறவேண்டாம். "பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரம்" என்று நாம் ஊரில் சொல்வதில்லையா? அங்கே சொல்வது மணித்தியாலம், கருதுவது தூரம். அதே வகைதான் இதுவும்.

பஸ்ஸை விட்டு ஒளியில் ஏறினால் சந்திரன் ஒன்றே கால் செக்கன் தூரத்திலும், சூரியன் 8 நிமிடம் 20 செக்கன் தூரத்திலும், நெப்டியூன் ஏறத்தாழ நான்கு மணித்தியாலத் தூரத்திலும் உள்ளன. சூரியனுக்கு அடுத்ததாக எமக்கு மிக அண்மையிலுள்ள உடு புரொக்சிமா சென்ரோறி. அது 4.24 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. நான்கு மணித்தியாலத்துக்கும் நான்கு வருடத்துக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஞாயிற்றுத் தொகுதியின் கடைசிக் கோளுக்கும் அடுத்த உடுவுக்கும் இடையில் இருப்பது கிட்டத்தட்ட வெறும் வெளிதான். பாடநூற் படங்களில் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வரையவேண்டியிருப்பதால் இது தெரிவதில்லை.

தேங்காய் மாதிரியுரு

இதை வகுப்பில் ஒரு தேங்காயைக் கொண்டு செய்து காட்டுவது வழக்கம். நீங்களும் வீட்டில் செய்யலாம். உரித்த தேங்காய் ஒன்றைச் சூரியன் எனக் கொள்க. விட்டம் 14 சென்ரிமீற்றர் இருக்கட்டும். சூரியனின் விட்டம் பூமியின் விட்டத்தைப் போல் 109 மடங்கு. ஆகவே பூமிக்கு ஒரு கடுகு போதும். அந்தக் கடுகைத் தேங்காயிலிருந்து 15 மீற்றர் தள்ளி வைக்கவேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் மேசையின் மறுபக்கத்தில் வைப்பார்கள். 15 மீற்றர் என்றால் வகுப்பறைக்கு வெளியே போய்விடும்.

வியாழன் ஒரு மாபிள். அதை 78 மீற்றரில் வைக்கவேண்டும். நெப்டியூன் 450 மீற்றருக்கு அப்பால், அடுத்த சந்தி வரை போய்விடும். சந்திரன் பூமிக் கடுகிலிருந்து நான்கு சென்ரிமீற்றர் கூட இல்லாத தூரத்தில் ஒரு தூசி. விண்வெளிக்குச் சென்ற மனிதர் பயணம் செய்திருப்பது அந்த நான்கு சென்ரிமீற்றர் அளவுதான். 1977 இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 என்ற விண்கலமே மனிதர் செய்த பொருட்களுள் மிகத் தொலைவுக்குச் சென்றதாகும். ஏறத்தாழ ஐம்பது வருடம் ஓடிய பின்னரும் அது எமது மாதிரியுருவில் இரண்டரைக் கிலோமீற்றரைத்தான் எட்டியிருக்கிறது.

இனி அடுத்த தேங்காய். சூரியனைப் போன்ற பருமனுடைய மிக அண்மைய உடு அல்பா சென்ரோறி ஏ. அதன் தூரம் 4.37 ஒளியாண்டு. எமது அளவுத்திட்டத்தில் அது 4,100 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். முதற் தேங்காயை மட்டக்களப்பில் வைத்தால் இரண்டாவது தேங்காயைச் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் வைக்கவேண்டும். இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "சேர், அப்பா அங்கதான் வேலை செய்யிறார்" என்றாள். அவளது தகப்பன் தொலைபேசியில் பேசினால் குரல் உடனே வந்துவிடும். ஆனால் உண்மையான இரு உடுக்களுக்கிடையில் அப்படிப் பேசமுடியாது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் கேள்வி போய்ச்சேர 4.37 வருடம், "ஓம்" என்ற பதில் திரும்பிவர இன்னுமொரு 4.37 வருடம். ஒளியையும் வானொலி அலையையும் விட வேகமாகச் செல்லும் தூது எதுவும் இல்லை.

தூரத்திலிருந்து வரும் மூன்று வேறுபாடுகள்

உடு தானே ஒளிவிடுவது. கோள் சூரிய ஒளியைத் தெறிக்கச் செய்வது. இது எல்லாரும் எழுதும் முதல் வேறுபாடு. மற்றவற்றை இப்போது தேங்காயைக் கொண்டே பெறலாம்.

முதலாவது, மினுங்கல். உடு எவ்வளவு பெரிதாயினும் மிகத் தொலைவில் இருப்பதால் எமது கண்ணுக்கு வெறும் புள்ளி. அப்புள்ளியிலிருந்து வரும் மெல்லிய ஒளிக்கதிர் அசைந்துகொண்டிருக்கும் வளிமண்டலப் படைகளினூடாக முறிந்து முறிந்து வருவதால் கூடியும் குறைந்தும் தெரிகிறது. இதுவே மினுங்கல். கோள் சிறிதாயினும் அண்மையில் இருப்பதால் ஒரு சிறு வட்டத்தட்டு ஆகும். தட்டின் ஒரு பகுதியிலிருந்து வரும் ஒளி குறையும்போது இன்னொரு பகுதியின் ஒளி அதை ஈடுசெய்யும். ஆகவே கோள் பெரும்பாலும் மினுங்காமல் நிதானமாக ஒளிரும். "பெரும்பாலும்" என்ற சொல்லை விடவேண்டாம். அடிவானத்துக்கு அண்மையில் கோளும் மினுங்குவதுண்டு.

இரண்டாவது, இடமாற்றம். புகையிரதத்தில் செல்லும்போது பாதையோரத் தென்னைகள் பின்னோக்கி ஓடும். தூரத்து மலை அப்படியே நிற்கும். உடுக்களும் வேகமாக இயங்குகின்றன. ஆயினும் தூரம் காரணமாக அவ்வியக்கம் எமது வாழ்நாளில் கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் பூட்டன் பார்த்த அதே வடிவத்தில்தான் நீங்களும் உடுத்தொகுதிகளைப் பார்க்கிறீர்கள். கோள்களோ அவ்வுடுக்களின் பின்னணியில் வாரத்துக்கு வாரம் இடம் மாறும்.

மூன்றாவது, பழைய ஒளி. சூரியனைப் பற்றிய செய்தி எட்டு நிமிடம் பழையது. உடுவைப் பற்றிய செய்தி வருடக்கணக்கில் பழையது. இன்றிரவு ஓர் உடு மறைந்துபோனாலும் அதன் ஒளி தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

"வெள்ளி" என்ற சொல்லால் வரும் குழப்பம்

தமிழ்மொழி மூலம் படிக்கும் எமக்கு மட்டும் உரிய ஒரு பொறி உண்டு. ஊர்வழக்கில் வானத்தில் மினுங்குவது எல்லாம் "வெள்ளி"தான். விடிவெள்ளி என்கிறோம். துருவ வெள்ளி என்கிறோம். வால்வெள்ளி என்கிறோம். இம்மூன்றும் மூன்று வேறு பொருட்கள். விடிவெள்ளி என்பது வெள்ளி என்னும் கோள். துருவ வெள்ளி ஓர் உடு. வால்வெள்ளி என்பது பனிக்கட்டியும் தூசியும் கொண்டதாய்ச் சூரியனைச் சுற்றிவரும் சிறு பொருள். "விடிவெள்ளி ஓர் உடு ஆகும் – சரியா, பிழையா?" என்று கேட்டால் சரி என்று போடும் பிள்ளைகள் பலர். பெயரைப் பார்த்து விடை எழுதக்கூடாது. "எரிநட்சத்திரம்" என்பதும் நட்சத்திரம் அன்று. அது வளிமண்டலத்தில் உராய்ந்து எரியும் சிறு விண்துணிக்கை. சரியான சொல் எரிவிண்வீழ்வு அல்லது எரிகல்.

துருவ வெள்ளியைப் பற்றி இன்னுமொன்று. அது வடமுனைக்கு நேர் மேலே ஏறத்தாழ இருப்பதால், அடிவானத்திலிருந்து அது தெரியும் உயரம் நீங்கள் நிற்கும் இடத்தின் அகலக்கோட்டுக்குச் சமமாகும். பருத்தித்துறையில் ஏறத்தாழ 10 பாகை. கையை நீட்டிப் பிடித்த முட்டியின் அகலமும் ஏறத்தாழ 10 பாகைதான். மட்டக்களப்பில் எட்டுப் பாகைக்கும் குறைவு. தெவிநுவரை முனையில் ஆறு பாகைதான். வடக்கு அடிவானத்தில் மேகமோ மரமோ இருந்தால் தெரியாது. "நான் தேடினேன், காணவில்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மிக உயரத்தில் தேடியிருப்பார்கள். அது வானத்தின் மிகப் பிரகாசமான உடு என்ற எண்ணமும் தவறானது. மிகப் பிரகாசமாகத் தெரியும் உடு சிரியஸ்.

ஒன்பதா, எட்டா?

நான் 2004 இல் சாதாரண தரப் பரீட்சை எழுதியபோது கோள்கள் ஒன்பது. அதுவே சரியான விடையாக இருந்தது. 2006 ஓகஸ்ட் 24 ஆம் திகதி செக் குடியரசின் பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் கோளுக்கு வரைவிலக்கணம் வகுத்தது. கோள் சூரியனைச் சுற்றவேண்டும். தன் ஈர்ப்பால் உருண்டையாகும் அளவுக்குத் திணிவு பெற்றிருக்கவேண்டும். தனது ஒழுக்கின் அயலைத் துப்புரவாக்கியிருக்கவேண்டும். புளூட்டோ முதல் இரண்டில் சித்தியடைந்து மூன்றாவதில் தவறியது. அதன் ஒழுக்கின் அயலில் அதுபோன்ற பனிப்பொருட்கள் பல உள்ளன. ஆகவே அது குறுங்கோள் ஆனது. இப்போது விடை எட்டு. அண்ணன், அக்காவின் பழைய கொப்பிகளையும் பழைய வழிகாட்டிகளையும் வைத்துப் படிப்பவர்கள் இதைக் கட்டாயம் திருத்திக்கொள்ளவும்.

இது புதிய சங்கதியும் அன்று. 1801 இல் கண்டுபிடிக்கப்பட்ட செரெஸ் பல ஆண்டுகளாகக் கோள் என்றே புத்தகங்களில் எழுதப்பட்டது. அதே பகுதியில் மேலும் பல பொருட்கள் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அது சிறுகோள் ஆனது. 2006 இல் அதுவும் குறுங்கோள் வரிசைக்கு மாறியது.

வேறொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். கோயிலில் நாம் கும்பிடும் நவக்கிரகம் ஒன்பதும் வானியலின் கோள்கள் அல்ல. அவ்வொன்பதில் சூரியன் ஓர் உடு, சந்திரன் ஓர் உபகோள். இராகுவும் கேதுவும் வானத்தில் சந்திரனின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள். எஞ்சிய ஐந்தே கோள்கள். அந்த ஐந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரிபவை. எம் முன்னோர் கண்ணால் கண்டதைச் சரியாகவே எண்ணியிருக்கிறார்கள். அங்கு ஒன்பது என்று இருப்பதால் விஞ்ஞான வினாத்தாளில் ஒன்பது என்று எழுதுவதுதான் தவறு.

கோள்களில் வினா வரக்கூடிய இடங்கள்

எல்லாக் கோள்களின் விட்டத்தையும் மனனம் செய்வது வீண். விதிவிலக்கானவற்றைப் படியுங்கள். மிக வெப்பமான கோள் எது? சூரியனுக்கு அண்மையில் புதன் இருப்பதால் புதன் என்று எழுதத் தோன்றும். விடை வெள்ளி. அதன் வளிமண்டலத்தின் ஏறத்தாழ 96 சதவீதம் காபனீரொட்சைட்டு. அது வெப்பத்தை வெளியேறவிடாது தடுப்பதால் மேற்பரப்பு 465 பாகை செல்சியஸ் வரை உள்ளது. வளிமண்டலம் இல்லையென்றே சொல்லத்தக்க புதனில் பகலில் 430 பாகை, இரவில் மறை 180 பாகை. காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும்.

வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாட்கள் எடுக்கும், சூரியனைச் சுற்ற 225 நாட்களே. அதுவும் பூமி சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. வியாழன் மிகப் பெரியது, ஆயினும் பத்து மணித்தியாலத்துக்குள் ஒரு சுழற்சியை முடித்துவிடும். சனியின் சராசரி அடர்த்தி நீரினதிலும் குறைவு. யுரேனஸ் பக்கவாட்டில் படுத்தபடி உருள்வது போல, அச்சு 98 பாகை சரிந்தது. நெப்டியூன் 1846 இல் கணிதத்தால் இடம் குறிக்கப்பட்டு அதன் பின்னரே தொலைகாட்டியில் காணப்பட்டது.

உபகோள்களின் எண்ணிக்கையில் மட்டும் கவனம். சனிக்கு 2025 மார்ச்சில் 274 ஆக உயர்ந்தது. நீங்கள் படிக்கும் புத்தகத்தில் வேறு இலக்கம் இருக்கலாம். இன்னும் கூடலாம். பூமிக்கு ஒன்று, செவ்வாய்க்கு இரண்டு, புதனுக்கும் வெள்ளிக்கும் இல்லை. இவற்றை உறுதியாக வைத்திருங்கள்.

உடுக்களின் நிறம்

சிவப்பு உடு மிக வெப்பமானது என்று எழுதுவது அடுத்த பெரும் பிழை. தண்ணீர்க் குழாயில் சிவப்புப் புள்ளி சுடுநீரைக் குறிப்பதால் இப்பழக்கம் வந்திருக்கலாம். கொல்லன் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். இரும்பு முதலில் சிவக்கும், மேலும் சூடேற மஞ்சளாகும், அதன் பின் வெண்மையாகும். உடுவும் அவ்வாறே. தை, மாசி மாத இரவுகளில் தெரியும் ஓரியன் தொகுதியில் ஒரு பக்கம் செந்நிறத் திருவாதிரை, எதிர்ப்பக்கம் நீலவெண்மையான ரைகல். திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பநிலை மூவாயிரத்துச் சொச்சம் பாகைதான். மஞ்சள் உடு என்று சொல்லப்படும் சூரியனுடையது ஏறத்தாழ 5,500. ரைகலினுடையது 11,000 இற்கும் மேல்.

இவ்வெப்பம் எரிவதால் வருவதன்று. "சூரியன் எரிகிறது" என்று எழுதவேண்டாம். எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும். சூரியனின் மையத்தில் ஏறத்தாழ 15 மில்லியன் பாகை வெப்பநிலையில் ஐதரசன் கருக்கள் இணைந்து ஈலியமாகின்றன. இது கருவிணைவு எனப்படும். இதன்போது இழக்கப்படும் சிறிதளவு திணிவே சக்தியாக வெளிவருகிறது. 460 கோடி வருடமாக இது நடைபெறுகிறது, இன்னும் ஏறத்தாழ 500 கோடி வருடத்துக்கு ஐதரசன் போதும்.

உங்கள் வயதுடைய ஒளி

ஆவணி மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் வெளியே வந்து நேர் உச்சியைப் பாருங்கள். பிரகாசமான ஓர் உடு, அதன் இருபுறமும் ஒவ்வொரு மங்கலான உடு, மூன்றும் ஏறத்தாழ ஒரு கோட்டில் இருக்கும். நடுவில் இருப்பது திருவோணம். வானியலில் அதற்கு அல்ரயர் என்று பெயர். அதன் தூரம் 16.7 ஒளியாண்டு. நீங்கள் இப்போது பரீட்சைக்குப் படிக்கும் வயதில் இருந்தால், அன்றிரவு உங்கள் கண்ணில் படும் ஒளி நீங்கள் பிறந்த காலத்தை அண்டி அவ்வுடுவிலிருந்து புறப்பட்டது. நீங்கள் தவழ்ந்து, நடந்து, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதி இங்கு வந்து சேர்ந்த காலம் முழுவதும் அது செக்கனுக்கு 300,000 கிலோமீற்றர் வேகத்தில் வந்துகொண்டே இருந்தது. எனக்கு இப்போது 37 வயது. எனது ஒளி சுவாதியில் இருக்கிறது, 37 ஒளியாண்டு. ஆனி மாதத்தில் உச்சிக்குச் சற்று வடக்கே செம்மஞ்சளாகத் தெரியும். மகம் 79 ஒளியாண்டு. வீட்டில் அம்மம்மா இருந்தால் அவருக்குக் காட்டுங்கள்.

பயிற்சி வினா

திருவோணம் பூமியிலிருந்து 16.7 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது.
(அ) ஒளியாண்டு என்பதனால் கருதப்படுவது யாது?
(ஆ) இவ்வுடுவின் தூரத்தைக் கிலோமீற்றரில் தருக.
(இ) "இவ்வுடு 16.7 ஒளியாண்டுகளாக ஒளி வீசுகிறது." இக்கூற்றிலுள்ள பிழையைச் சுட்டிக்காட்டுக.
(ஈ) இவ்வுடு இன்று அழிந்தால் பூமியிலுள்ளோர் அதை எப்போது காண்பர்? காரணம் தருக.

விடை

(அ) வெற்றிடத்தில் ஒளி ஓராண்டில் செல்லும் தூரம்.
(ஆ) 16.7 × 9.46 × 10¹² = ஏறத்தாழ 1.58 × 10¹⁴ கிலோமீற்றர்.
(இ) ஒளியாண்டு தூரத்தின் அலகு. இங்கு அது காலத்தின் அலகாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது.
(ஈ) ஏறத்தாழ 16.7 வருடங்களின் பின். அழிவதற்கு முன் கடைசியாகப் புறப்பட்ட ஒளி பூமியை அடைய அவ்வளவு காலம் எடுக்கும். அதுவரை அவ்வுடு வழமைபோலவே தெரியும். இங்கு "16.7 ஒளியாண்டுகளின் பின்" என்று எழுதினால் (இ) இல் நீங்களே சுட்டிக்காட்டிய பிழையைத் திரும்பச் செய்தவராவீர்கள்.